குழந்தைகளின் விரல் சூப்பும் பழக்கமும் பல் நலமும்: பெற்றோருக்கும் பராமரிப்போருக்கும் ஒரு விளக்கம்

கைக்குழந்தை விரல் சூப்புவது இயல்பான செயலாகும். தாயின் கருவில் இருக்கும்போதே குழந்தை விரலை வாயில் வைத்திருப்பதை ஸ்கேன் படங்களில் காண முடிகிறது. பிறந்த பின்னர் பசி, தூக்கம், சோர்வு, அச்சம் ஆகிய வேளைகளில் குழந்தை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள இப்பழக்கம் துணைபுரிகிறது. பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதிற்குள் இதனைத் தாமாகவே விட்டுவிடுகின்றனர்.

சில குழந்தைகளிடம் மட்டும் இப்பழக்கம் பள்ளிப் பருவத்திலும் தொடர்கிறது. அப்போது பற்களின் வரிசை, மேல்தாடையின் வடிவம், பேச்சு ஆகியவை பாதிக்கப்படலாம். எந்த வயதில் பொறுத்திருக்கலாம், எந்த வயதில் உதவத் தொடங்க வேண்டும், எவ்வாறு உதவ வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது. சென்னை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வசிப்போர் அரசு மருத்துவ உதவியை எங்கே பெறலாம் என்பதும் இறுதியில் தரப்பட்டுள்ளது.

முக்கியக் குறிப்புகள்

• 3 வயது வரை பொதுவாகக் கவலைப்படத் தேவையில்லை.
• 4 வயதிற்குப் பின்னும் பழக்கம் தொடர்ந்தால் அன்பான முறையில் உதவத் தொடங்க வேண்டும்.
• நிலையான முன்பற்கள் முளைப்பதற்கு முன் பழக்கம் நின்றுவிட்டால், முன்பற்களில் ஏற்பட்ட மாற்றங்கள் பெரும்பாலும் தாமாகவே சரியாகும்.
• அடிப்பது, கேலி செய்வது, விரலில் மிளகாய் தடவுவது ஆகியவை பயன் தருவதில்லை. அவை குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கும்.

குழந்தை ஏன் விரல் சூப்புகிறது?

உறிஞ்சுதல் குழந்தை பிறக்கும்போதே பெற்றுவரும் திறன். தாய்ப்பால் அருந்துவதற்கு இயற்கை தந்த இத்திறனே பசியில்லாத வேளையிலும் குழந்தைக்கு அமைதி தருகிறது. ஆலிலையில் படுத்துக் கால் கட்டைவிரலைச் சுவைக்கும் கண்ணனின் உருவத்தை, நவராத்திரிக் காலத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் கொலு பொம்மைக் கடைகளில் காணாதவர் இல்லை. மழலைப் பருவத்தின் இயல்பாக நம் மக்கள் இதனை நெடுங்காலமாகவே அறிந்து வந்துள்ளனர்.

விரல் சூப்புவதைப் பார்த்தவுடன், 'தாய்ப்பால் போதவில்லை' என்று வீட்டிலுள்ளோர் முடிவு செய்வதுண்டு. குழந்தையின் எடை சரியாகக் கூடி வந்து, நாள்தோறும் போதிய அளவு சிறுநீர் கழித்து வந்தால், விரல் சூப்புவதை மட்டும் வைத்து அவ்வாறு முடிவு செய்யக் கூடாது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. அதன் பின்னர் இணை உணவுடன் 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீண்ட காலம் தாய்ப்பால் அருந்திய குழந்தைகளிடம் விரல், சூப்பான் ஆகியவற்றைச் சூப்பும் பழக்கம் குறைவாகவே காணப்படுகிறது.

வளர்ந்த குழந்தையிடம் இப்பழக்கம் தொடர்வதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். தம்பி அல்லது தங்கை பிறந்திருக்கலாம். புதிதாக எல்.கே.ஜி. வகுப்பில் சேர்த்திருக்கலாம். வீடு மாறியிருக்கலாம், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதால் குழந்தை காப்பகத்தில் விடப்பட்டிருக்கலாம். தொலைக்காட்சி அல்லது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கும்போது, எவ்விதக் காரணமும் இன்றி விரல் தானாகவே வாய்க்குள் செல்வதும் உண்டு. சூழலைப் புரிந்துகொண்டால்தான் உதவும் வழியும் தெரியும்.

பற்கள் முளைக்கும் காலத்தை அறிந்திருங்கள்

விரல் சூப்புவதால் ஏற்படும் பாதிப்பைப் புரிந்துகொள்ளப் பற்களின் காலக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

• சுமார் 6 மாதம்: முதல் பால் பல் முளைக்கத் தொடங்கும்.
• இரண்டரை முதல் 3 வயது: 20 பால் பற்களும் முளைத்துவிடும்.
• 6 முதல் 7 வயது: கீழ் முன்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கும். பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பற்களும் தோன்றும்.
• 7 முதல் 8 வயது: மேல் நடு முன்பற்கள் நிலையான பற்களாக முளைக்கும்.

ஓராண்டு முன்பின்னாக இருப்பது இயல்பே. இக்கணக்கின்படி, பால் பற்கள் முழுமையடையும் 3 வயதிற்கும் நிலையான முன்பற்கள் தோன்றும் 6 வயதிற்கும் இடைப்பட்ட காலமே உதவுவதற்கு ஏற்ற காலமாகும். இக்காலத்தில் குழந்தைக்குச் சொன்னால் புரியும்; தானும் முயன்று பார்க்கும். பழக்கம் நின்றுவிட்டால், அடுத்து முளைக்கும் பற்கள் தடையின்றித் தமக்குரிய இடத்தில் வந்து அமரும்.

'பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும்' என்று சிலர் கருதுகின்றனர். பழக்கம் பால் பற்களோடு நின்றுவிடுவதில்லை என்பதையும், பற்களைத் தாங்கும் தாடை எலும்பு ஒன்றே என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

விரல் எவ்வாறு பல்லை நகர்த்துகிறது?

பல் எலும்பில் அசையாமல் பதிந்திருப்பதாகத் தோன்றினாலும், மென்மையான விசை நெடுநேரம் தொடர்ந்தால் அது இடம் பெயரும். பல்லுக்குக் கம்பி போட்டுச் சீரமைப்பதும் இதே அடிப்படையில்தான். எனவே பாதிப்பை முடிவு செய்பவை மூன்று:

• காலம்: எத்தனை மாதங்கள் அல்லது ஆண்டுகளாகப் பழக்கம் தொடர்கிறது?
• நேரம்: ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு நேரம் விரல் வாயில் இருக்கிறது?
• விசை: விரலை வெறுமனே வாயில் வைத்திருக்கிறதா, கன்னம் குழியும்படி அழுத்தமாக உறிஞ்சுகிறதா?

இம்மூன்றில் நேரத்தின் பங்கு பெரிது. பல் இடம்பெயர நாள் ஒன்றுக்குச் சுமார் 6 மணி நேரம் விசை தொடர வேண்டும் என்று பல் சீரமைப்பு மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பகலில் எப்போதாவது சில நிமிடங்கள் அழுத்தமாகச் சூப்பும் குழந்தையைவிட, இரவு முழுவதும் விரலை வாயில் வைத்துக்கொண்டே உறங்கும் குழந்தைக்குப் பாதிப்பு மிகுதியாக இருக்கலாம். 'பகலில் சூப்புவதே இல்லை' என்று நிம்மதி கொள்ளும் பெற்றோர், குழந்தை உறங்கிய பின்னர் ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

கட்டைவிரல் வாயினுள் இருக்கும்போது அது மேல் முன்பற்களை வெளிப்புறமாகவும் கீழ் முன்பற்களை உட்புறமாகவும் தள்ளுகிறது. முன்பற்கள் முழு உயரத்திற்கு முளைக்கவும் தடையாகிறது. நாக்கு கீழே அழுத்தப்படுவதால் மேல்தாடைக்கு உள்ளிருந்து கிடைக்க வேண்டிய தாங்குதல் இல்லாமல் போகிறது. அதே வேளையில் உறிஞ்சும் கன்னத் தசைகள் இருபுறமும் வெளியிலிருந்து அழுத்துகின்றன. இதனால் மேல்தாடை குறுகுகிறது.

ஏற்படக்கூடிய மாற்றங்கள்

எத்துப்பல்: மேல் முன்பற்கள் முன்னோக்கித் துருத்திக்கொள்ளும். உதடுகளை இயல்பாக மூடுவது கடினமாகலாம். துருத்திய பற்கள், கீழே விழும்போதும் விளையாடும்போதும் எளிதில் அடிபட்டு உடையக்கூடியவை.

முன்பற்களிடையே இடைவெளி: கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. இத்தகைய குழந்தைகள் கொய்யாப்பழத்தையோ முறுக்கையோ முன்பல்லால் கடிக்க இயலாமல், வாயின் ஓரத்தில் வைத்துக் கடிப்பதைக் காணலாம்.

மேல்தாடை குறுகுதல்: இயல்பான வாயில் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்குச் சற்று வெளியே அமைந்திருக்கும். மேல்தாடை குறுகினால் அவை கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழும். குழந்தை வசதிக்காகக் கீழ்த்தாடையை ஒருபுறமாக நகர்த்திக் கடிக்கப் பழகலாம். முன்பற்களின் இடைவெளியைப் போல இம்மாற்றம் எளிதில் தானாகச் சரியாவதில்லை. எனவே இதற்கு மருத்துவரின் கவனம் தேவை.

விழுங்குவதிலும் பேச்சிலும் மாற்றம்: முன்பற்களின் இடைவெளியை அடைக்க நாக்கு முன்னோக்கி வரப் பழகிவிடும். உமிழ்நீரை விழுங்கும் ஒவ்வொரு முறையும் நாக்கு பற்களைத் தள்ளும். விரல் சூப்புவது நின்ற பின்னும் இடைவெளி மூடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். 'ச', 'ஸ' போன்ற ஒலிகளைச் சொல்லும்போது நாக்கு பற்களுக்கிடையே வெளிவந்து மழலை ஒலி நீடிக்கவும் கூடும்.

விரலில் மாற்றம்: சூப்பும் விரலின் தோல் தடித்துக் காய்ப்புக் காய்க்கலாம். நகத்தைச் சுற்றிப் புண்ணும் சீழும் ஏற்படலாம்.

இம்மாற்றங்கள் அனைத்தும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்படுவதில்லை. முறையற்ற பல் வரிசைக்குப் பரம்பரை, மூக்கடைப்பால் வாய்வழியாக மூச்சு விடுதல், பால் பற்கள் சொத்தையால் முன்னதாகவே விழுதல் ஆகியவையும் காரணங்களாகும். காரணம் எது என்பதைப் பல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை

நல்ல வெளிச்சத்தில் குழந்தையை எதிரே அமர்த்தி, கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தபடி 'ஈ' என்று சொல்லச் செய்யுங்கள். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

• மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நாக்கு தெரியும் அளவுக்கு இடைவெளி உள்ளதா?
• மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைவிட மிகவும் முன்னே நிற்கின்றனவா?
• கடிக்கும்போது கீழ்த்தாடை ஒருபுறமாக நகர்கிறதா?
• ஒரு கையின் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களைவிட வெளுத்து, சுருங்கி, தோல் தடித்துக் காணப்படுகிறதா?

இவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் குழந்தையின் வயது எதுவாயினும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயதிற்கேற்ற அணுகுமுறை

பிறப்பு முதல் 3 வயது வரை: பழக்கத்தை நிறுத்த முயல வேண்டாம். கைகளையும் நகங்களையும் தூய்மையாக வைத்திருந்தால் போதும். விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்துக் கவனத்தைத் திருப்பலாம்.

3 முதல் 4 வயது வரை: பெரிதுபடுத்தாமல் கவனித்து வாருங்கள். விரல் வாயில் இல்லாத நேரங்களில் பாராட்டுங்கள். பல் பரிசோதனைக்கு அழைத்துச் சென்று, பல் வரிசையில் மாற்றம் உள்ளதா என்று கேட்டறியுங்கள்.

4 முதல் 6 வயது வரை: குழந்தையின் ஒத்துழைப்புடன் பழக்கத்தை விடச் செய்யும் காலம் இது. அதற்கான படிகள் அடுத்த பகுதியில் தரப்பட்டுள்ளன.

6 வயதிற்கு மேல்: வீட்டு முயற்சியுடன் பல் மருத்துவரின் உதவியும் தேவை. காலம் தாழ்த்த வேண்டாம்.

பழக்கத்தை விடச் செய்யும் வழி

முதல் படி – ஒரு வாரம் கவனியுங்கள். எதுவும் சொல்லாமல், எந்நேரத்தில், எவ்விடத்தில் விரல் வாய்க்குச் செல்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். பள்ளி வேனில் வரும்போதா, மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போதா, உறங்கச் செல்லும்போதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் படி – குழந்தையிடம் பேசுங்கள். கண்ணாடியில் அதன் பற்களைக் காட்டி, 'இன்னும் கொஞ்ச நாளில் பெரிய பல் வரப்போகிறது, அதற்கு நேராக வர இடம் வேண்டும்' என்று எளிமையாகச் சொல்லுங்கள். விட விரும்புகிறதா என்று கேளுங்கள். குழந்தை விரும்பாத நிலையில் செய்யப்படும் முயற்சி நிலைப்பதில்லை.

மூன்றாம் படி – ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நாள் முழுவதும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். தொலைக்காட்சி பார்க்கும் அரை மணி நேரம் போன்ற எளிதான ஒரு நேரத்தில் தொடங்குங்கள். அந்நேரத்தில் கைக்கு வேலை கொடுங்கள்: களிமண், மணி கோத்தல், படத்திற்கு வண்ணம் தீட்டுதல் போன்றவை உதவும்.

நான்காம் படி – மாற்றுச் செயல் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். சூப்ப வேண்டும் என்று தோன்றும்போது கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை இறுக மூடி, 20 வரை எண்ணச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி – நாட்காட்டியில் குறியுங்கள். விரல் சூப்பாத நாளுக்குக் குழந்தையே ஒரு நட்சத்திரம் வரையட்டும் அல்லது ஸ்டிக்கர் ஒட்டட்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் சிறு பரிசு கொடுங்கள். சாக்லேட், மிட்டாய் ஆகியவை பல் சொத்தைக்கு வழிவகுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, கிண்டி சிறுவர் பூங்காவிற்கோ பெசன்ட் நகர் கடற்கரைக்கோ அழைத்துச் செல்வது, கதைப் புத்தகம் வாங்கித் தருவது போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாம் படி – இரவு நேரம். உறக்கத்தில் சூப்புவதைக் குழந்தையால் கட்டுப்படுத்த இயலாது; அதற்குக் குழந்தையைக் குறை சொல்லக் கூடாது. குழந்தை இசைந்தால், மெல்லிய பருத்தி உறையைக் கையில் அணிவிக்கலாம். முழங்கையை மடக்கும்போது நினைவூட்டும் வகையில் மென்மையான துணிக் கட்டு ஒன்றைத் தளர்வாகச் சுற்றலாம். விரல்கள் குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். உறங்கும் முன் கதை சொல்வதும், அருகில் அமர்ந்து தட்டிக்கொடுப்பதும் விரல் தந்துவந்த ஆறுதலுக்கு ஈடாக அமையும்.

சில நாட்கள் நன்றாக இருந்து மீண்டும் பழக்கம் தலைகாட்டுவது இயல்பு. காய்ச்சல், தேர்வு, ஊர்ப்பயணம் போன்றவற்றின்போது இவ்வாறு நிகழும். தோல்வி என்று கருதாமல் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தம்பி, தங்கை பிறந்த வாரத்திலோ பள்ளியில் சேர்த்த வாரத்திலோ இம்முயற்சியைத் தொடங்க வேண்டாம்.

வீட்டில் உள்ள அனைவரும் ஒரே வழியைப் பின்பற்ற வேண்டும்

தாயும் தந்தையும் அலுவலகம் செல்லும் வீடுகளில் குழந்தை பகலின் பெரும்பகுதியைத் தாத்தா பாட்டியுடனோ, பணிப்பெண்ணுடனோ, காப்பகத்திலோ கழிக்கிறது. ஓரிடத்தில் பாராட்டும் மற்றோரிடத்தில் அதட்டலும் கிடைத்தால் குழந்தை குழம்பிப்போகும். நாட்காட்டியைப் பற்றியும், கையை மூடி எண்ணுவதைப் பற்றியும் வகுப்பு ஆசிரியருக்கும் காப்பகப் பணியாளருக்கும் தெரிவியுங்கள். மற்றக் குழந்தைகள் முன்னிலையில் சுட்டிக்காட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தோளை மெல்லத் தொடுவது போன்ற, இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சைகை போதும்.

உறவினர் கூடும் இடங்களில் 'இவ்வளவு பெரிய பிள்ளை இன்னும் விரல் சூப்புகிறதே' என்றும், 'எத்துப்பல்' என்றும் சொல்வதைக் கேட்கும் குழந்தை வெட்கப்படும். வெட்கம் மிகும்போது ஆறுதல் தேடி விரல் மீண்டும் வாய்க்கே செல்லும். அத்தகைய பேச்சைத் தடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

செய்யக்கூடாதவை

• அடிக்கவோ, விரலை வாயிலிருந்து வெடுக்கென்று இழுக்கவோ, சூடு வைப்பதாக மிரட்டவோ கூடாது.
• மிளகாய்த்தூள், மிளகு விழுது ஆகியவற்றை விரலில் தடவக் கூடாது. அதே கையால் குழந்தை கண்ணைத் தேய்த்தால் கண் பாதிக்கப்படும்.
• வேப்பெண்ணெய் தடவக் கூடாது. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் சென்ற சிறு குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் ஆகியவை ஏற்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் பதிவு செய்துள்ளனர். விரலில் தடவும் அளவு சிறிதே எனினும், நாள்தோறும் தடவுவதும் பாட்டில் குழந்தையின் கைக்கு எட்டுவதும் ஆபத்தானவை.
• நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வசம்பை மணிக்கட்டில் கட்டிச் சூப்பவிடுவதும், உரைத்து விரலில் பூசுவதும் வேண்டாம். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் தீங்கானது என்பது விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.
• விரலில் ரப்பர் வளையம், நூல் போன்றவற்றை இறுகக் கட்டக் கூடாது. இரத்த ஓட்டம் தடைபடும்.

இவற்றில் எதையேனும் உட்கொண்டு குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

சூப்பானும் பால் புட்டியும்

ரப்பர் சூப்பானை நெடுங்காலம் பயன்படுத்தினாலும் விரல் சூப்புவதைப் போன்றே பல் வரிசை மாறும். ஆயினும் சூப்பானைப் பெற்றோர் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடியும். விரல் எப்போதும் குழந்தையுடனேயே இருக்கிறது. சூப்பானைத் தேனிலோ சர்க்கரையிலோ தோய்த்துக் கொடுக்கவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தருவது நரம்புகளைத் தாக்கும் கடுமையான நச்சு நோய்க்குக் காரணமாகலாம். சர்க்கரை, பால் பற்களில் சொத்தையை உண்டாக்கும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கவிடுவதும் சொத்தைக்கு வழிவகுக்கும்.

கைத் தூய்மையும் குடற்புழுவும்

மணலிலும் தரையிலும் விளையாடிய விரல் நேரே வாய்க்குச் செல்லும்போது கிருமிகளும் புழு முட்டைகளும் வயிற்றை அடையலாம். விளையாடி வந்தவுடனும், உண்பதற்கு முன்னும், கழிப்பறை சென்ற பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். வாரம் ஒரு முறை நகம் வெட்டுங்கள். 1 முதல் 19 வயது வரையிலானவர்களுக்குத் தேசியக் குடற்புழு நீக்க நாளையொட்டி அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. உங்கள் குழந்தை தவறாமல் பெறுவதை உறுதி செய்யுங்கள்.

பல் மருத்துவர் என்ன செய்வார்?

முதல் பல் முளைத்த பின்னர், ஒரு வயது நிறைவதற்குள் குழந்தையை ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. விரல் சூப்பும் குழந்தையாயின் மருத்துவர் பற்கள் கடிக்கும் முறை, மேல்தாடையின் அகலம், நாக்கின் அசைவு, மூச்சு விடும் முறை ஆகியவற்றைப் பரிசோதிப்பார். குழந்தையிடமே நேரடியாகப் பேசுவார். பல குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் சில சொற்களே போதுமானவையாக இருக்கின்றன.

நிலையான முன்பற்கள் முளைக்கும் வயதிலும் பழக்கம் நிற்கவில்லையெனில் வாயினுள் பொருத்தும் கருவி பரிந்துரைக்கப்படலாம். கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பித் தடுப்பு அமையும்படி இது பொருத்தப்படும். விரல் மேலண்ணத்தைத் தொட இயலாததால் சூப்புவதில் கிடைக்கும் இன்பம் குறையும். நாக்கால் உருட்டி விளையாடக்கூடிய சிறு உருளை கொண்ட கருவியும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஹாஸ்கெல், மிங்க் என்னும் இரு பல் மருத்துவர்கள் அதனை 1991-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர்.

கருவி தண்டனை அன்று. நினைவூட்டும் துணை என்பதைக் குழந்தைக்கு முன்பே விளக்க வேண்டும். முதல் சில நாட்களில் பேச்சு சற்றுக் குழறும், உமிழ்நீர் மிகும், உண்பது மெதுவாகும். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் போன்ற மென்மையான உணவு கொடுங்கள். ஒட்டும் மிட்டாய்களையும் கடினமான தின்பண்டங்களையும் தவிருங்கள். பழக்கம் நின்றவுடன் கருவியை அகற்றிவிடாமல், மீண்டும் தொடங்காதிருக்க மேலும் சில மாதங்கள் வைத்திருப்பது வழக்கம்.

காலம் கடந்துவிட்டதாகத் தோன்றினால்

9 அல்லது 10 வயதில் இப்பக்கத்தைப் படிக்க நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். பழக்கத்தை எந்த வயதில் நிறுத்தினாலும் மேலும் பாதிப்பு ஏற்படுவது நிற்கும். இவ்வயதில் தாடை எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், குறுகிய மேல்தாடையைக் கருவியின் துணையுடன் அகலப்படுத்த முடியும். துருத்திய பற்களைக் கிளிப் போட்டுச் சீரமைக்கலாம். ஆயினும் இச்சிகிச்சைகளுக்கு நீண்ட காலமும் பலமுறை மருத்துவமனை வருகையும் தேவைப்படும். பழக்கம் நிற்காத நிலையில் கிளிப் போட்டால் பலன் நிலைக்காது. வளர்ச்சி முடிந்த பின்னர், கடுமையான தாடைக் குறைபாடுகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

அரசு மருத்துவ உதவி

அரசுப் பல் மருத்துவமனை: தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே அமைந்துள்ளது. 1953-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில் குழந்தைகள் பல் மருத்துவத்திற்கும் பல் சீரமைப்பிற்கும் தனித்துறைகள் உள்ளன. மயிலாப்பூரில் வசிப்போர் திருமயிலை நிலையத்திலிருந்தும், அடையாற்றில் வசிப்போர் கஸ்தூரிபா நகர் நிலையத்திலிருந்தும் கடற்கரை நோக்கிச் செல்லும் பறக்கும் ரயிலில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். தியாகராய நகரில் வசிப்போர் மாம்பலத்திலிருந்து கடற்கரை செல்லும் புறநகர் ரயிலில் வரலாம்.

பள்ளி, அங்கன்வாடிப் பரிசோதனை: ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இதன்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதிக்கின்றனர். பல் குறைபாடுகளும் இப்பரிசோதனையில் அடங்கும். குழு வரும் நாளில் குழந்தையின் விரல் சூப்பும் பழக்கத்தை ஆசிரியர் வழியாகத் தெரிவியுங்கள்.

தொலைபேசி ஆலோசனை: தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் குழந்தைக்கு 2 வயது. முன்பற்களுக்கு இடையே சிறிது இடைவெளி தெரிகிறது. சிகிச்சை தேவையா?
இவ்வயதில் சிகிச்சை தேவைப்படுவதில்லை. பழக்கம் நின்றவுடன் பெரும்பாலும் இடைவெளி குறைந்துவிடும். அடுத்த பல் பரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

பால் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவிட்டு இருப்பதும் விரல் சூப்புவதால்தானா?
இல்லை. ஒரே வரிசையிலுள்ள பால் பற்களுக்கு இடையே இடைவெளி இருப்பது நல்லது. பின்னர் முளைக்கும் பெரிய பற்களுக்கு அது இடமளிக்கிறது.

விரல் சூப்பும் குழந்தைக்கு மனநலப் பாதிப்பு உள்ளதா?
விரல் சூப்புவது மட்டும் மனநலப் பாதிப்பின் அறிகுறி ஆகாது. விட்டிருந்த பழக்கம் திடீரெனத் திரும்பி, அத்துடன் பேச்சுக் குறைதல், தூக்கமின்மை, பள்ளி செல்ல மறுத்தல், யாரையேனும் கண்டு அஞ்சுதல் ஆகியவையும் இருந்தால் காரணத்தை உடனே கண்டறிய வேண்டும். குழந்தைநல மருத்துவரை அணுகுங்கள். குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

துருத்திய நிலையான பல் அடிபட்டு முழுவதுமாக விழுந்துவிட்டால் என்ன செய்வது?
பல்லின் வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். பாலில் இட்டு, இயன்றவரை ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். விழுந்தது பால் பல்லாயின் அதனை மீண்டும் பொருத்துவதில்லை. எனினும் காயத்தைக் காட்ட வேண்டும்.

நினைவில் கொள்க

விரல் சூப்பும் குழந்தை தவறு செய்யும் குழந்தை அன்று. தனக்குத் தெரிந்த வழியில் ஆறுதல் தேடும் குழந்தை. 4 வயதில் தொடங்கி, நிலையான முன்பற்கள் வருவதற்குள் அன்புடனும் பொறுமையுடனும் உதவினால், பெரும்பாலான குழந்தைகளுக்குக் கம்பியோ கருவியோ தேவைப்படாது.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே தரப்பட்டுள்ளன. உங்கள் குழந்தைக்குரிய சிகிச்சையைப் பல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்குப் பின்னரே முடிவு செய்யுங்கள்.